இடது கையால் எழுதும் குழந்தைகள் படிப்பில் கெட்டியா, மட்டமா?

"அந்தக் கையில எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

எல்.கே.ஜி ஹோம்வொர்க் எழுத உட்காரும் குழந்தையின் இடது கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, வலது கையில் கொடுப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. அதே வீட்டில், "லெஃப்ட் ஹேண்ட் பசங்க எல்லாம் ஜீனியஸாம்!" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டும் சித்தப்பாவும் இருப்பார்.

இருவர் சொல்வதும் சரியில்லை.

உலகில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறது. 40 பேர் படிக்கும் வகுப்பில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இது அடமோ, கெட்ட பழக்கமோ அல்ல. மூளையின் வளர்ச்சியோடும், ஓரளவு மரபணுக்களோடும் தொடர்புடைய இயல்பு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இத்தாலியில் சுமார் 2,300 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. கடினமான கணக்குகளுக்கு விடை தேடுவதில் இடது கைக்காரர்கள் சற்று முன்னே இருந்தார்கள். சாதாரணக் கூட்டல், கழித்தலில் அந்த வித்தியாசம் இல்லை.

2009-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. 4, 5 வயதுக் குழந்தைகளைப் பார்த்ததில், இடது கைக்காரர்கள் பல திறன்களில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள்.

பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய 2018-ம் வருடக் கட்டுரையோ, இரு தரப்பினரின் அறிவுத்திறனில் பொருட்படுத்தும் அளவுக்கு வித்தியாசம் இல்லை என்றது. ஆக, எழுதும் கையை வைத்து ஒரு குழந்தையின் மதிப்பெண்ணைக் கணிக்க முடியாது.

சிக்கல் எங்கே?

தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக எழுதப்படுபவை. இடது கைக் குழந்தை எழுத எழுத, அதன் கையே எழுதியதை மறைக்கும், மையை இழுவிவிடும். காப்பி ரைட்டிங் நோட்டில் மாதிரி எழுத்து இடது ஓரத்தில் இருந்தால், அதுவும் கைக்கு அடியில் போய்விடும். பெஞ்சில் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்கும்.

கையை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், என்ன எழுதுவது என்பதில் இருக்க வேண்டிய கவனம், எப்படிப் பிடிப்பது என்பதில் போய்விடும். பதில் தெரிந்தும் எழுதி முடிக்காத குழந்தைக்கு, 'படிப்பு வரலை' என்ற பெயர் வந்துவிடும்.

என்ன செய்யலாம்?

* பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். முழங்கை இடிக்காது.
* நோட்டின் மேல்பக்கம் வலப்புறம் சாய்ந்திருக்கட்டும். மணிக்கட்டை வளைக்காமல் எழுதலாம்.
* பென்சிலை முனையிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். எழுதியது கண்ணுக்குத் தெரியும்.
* மாதிரி எழுத்தை வலது ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.
* பேனாவுக்கு மாறும்போது, சீக்கிரம் காயும் மை உள்ளதாக வாங்குங்கள்.
* இடது கைக்கான கத்தரிக்கோல் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

சாப்பிட வலது கைதான் என்பது வீட்டு வழக்கமாக இருந்தால், அதைப் பொறுமையாகப் பழக்கலாம். எழுதும் கையை மட்டும் மாற்ற வேண்டாம்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு வயதுகூட ஆகாத குழந்தை எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தி, இன்னொரு கையை அசைக்கவே தயங்கினால், குழந்தைகள்நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்தக் கை பலவீனமாக இருக்கலாம்.

மற்றபடி, இன்று மாலை ஹோம்வொர்க் நேரத்தில் பென்சிலைப் பிடுங்காதீர்கள். நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், போதும்!