ஃபார்மட் கஷாயம்

எந்த வியாதிக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுப்பவரை வைத்தியர் என்று ஒப்புக்கொள்வோமா? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறோம். ‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்!’

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. விண்டோஸ் 11-ஓ பல பழைய மெஷின்களில் ஏறாது. சரி, மதர்போர்டை மட்டும் மாத்திக்கலாம் என்று மாற்றினால்... ஃபேன் சுற்றுகிறது, விண்டோஸ் வரவில்லை. உடனே மேற்படி கஷாயம்.

காஞ்சிபுரத்தில் இதன் விலை என்ன தெரியுமா? ஒரு காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த கரையும் முந்தியும் இப்போது கம்ப்யூட்டரில் தயாராகின்றன. ஃபார்மட் அடித்தால் பல வருஷ டிசைன் போச்சு! ஜக்கார்டு பெட்டியை மாற்றினால், தறியில் இருக்கும் பாவு நூலையும் அறுத்தெறியச் சொல்வார்களா யாராவது?

இத்தனைக்கும் பல சமயம் டிஸ்க்கில் கோளாறே இருக்காது. பழைய போர்டு ‘லெகஸி’ முறையில் எம்.பி.ஆர். டிஸ்க்கைப் படித்தது, புதுசு ‘யு.இ.எஃப்.ஐ.’ முறையில் ஜி.பி.டி. டிஸ்க்கைத் தேடுகிறது. அவ்வளவுதான். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, முதலில் காப்பி எடுக்கலாம். அப்புறம், எதையும் அழிக்காமலே ஜி.பி.டி.க்கு மாற்ற ‘எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.’ என்றொரு கருவி 2017-லிருந்தே விண்டோஸோடு இலவசமாக வருகிறது.

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஃபார்மட்டுக்கு அது வேண்டாம். அதான் விஷயம்! ‘காப்பி எடுக்காம கை வைக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு, எடுத்து முடிக்கும்வரை கடையிலேயே உட்காருங்கள்.