அம்மிக்கல்லின் பூர்வோத்தரம்

கல்யாணத்தில் மணப்பெண்ணை அம்மி மிதிக்கச் செய்கிறோம். கல்லைப் போல் அசையாத உறுதி வேண்டும் என்பது அதன் தாத்பரியம். அந்த வழக்கத்தில் குறை காண நமக்கு உத்தேசமில்லை. ஆனால் பூகர்ப்ப சாஸ்திரிகளிடம் போய்க் கல் மாறாத வஸ்து என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நம் குழந்தைகள் மூவகைப் பாறைகளை நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி உறைந்தது ஒன்று. சேறும் மணலும் படிந்து இறுகியது ஒன்று. இவற்றில் ஏதேனும் ஆழத்தில் அகப்பட்டு, வெந்து நசுங்கி வேறு ரூபம் கொண்டது மற்றொன்று. ஒப்பிக்கிற குழந்தையிடம் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்து, "இது எந்த வகை?" என்று கேட்பாரைத்தான் காணோம்.

ராஜபாளையத்துக் குழந்தைகளுக்கு அந்தப் பாடம் வாசலிலேயே கிடக்கிறது. மேற்கே மலையடிவாரத்தில் உடைத்த பாறையைப் பாருங்கள். வெளுப்பும் கறுப்புமாக வரிகள். இடையிடையே மாதுளை முத்தைப் போல் சிவந்த புள்ளிகள். அவை கார்னெட் மணிகள். நவரத்தினங்களில் ஒன்றாகிய கோமேதகமும் அந்தக் குலத்ததே. இப்பாறைகள் சிலவற்றில் அலுமினியம் மிகுந்திருப்பதிலிருந்து, இவை ஆதியில் களிமண்ணாக இருந்தவை என்று ஊகித்திருக்கிறார்கள். ஆம், சாதாரணக் களிமண்தான்!

அந்தக் களிமண் எங்கே போய் வந்தது தெரியுமா? ராஜபாளையத்துப் பாறையில் சஃபிரின் என்ற அபூர்வத் தாது அகப்படுகிறது. அதையும் அதன் கூட்டாளிகளையும் ஆராய்ந்தவர்கள், இந்தப் பாறை 900 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வெந்தது என்று கண்டார்கள். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். அதற்கு அருகிலான சூடு! பாறையில் ஒரு பகுதி உருகிப் பாகாக ஓடி உறைந்தது. வெளுத்த வரிகள் சில அப்படி வந்தவையே. பூமிக்குக் கீழே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 55 கோடி வருஷங்களுக்கு முன் நடந்த சமையல் இது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் ஒன்றோடொன்று மோதி, கோண்டுவானா என்னும் ஒரே கண்டமாக இணைந்த காலம் அது. ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையை அனுமார் தூக்கிச் சென்ற மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். சாஸ்திரிகள் சொல்லும் பிரயாணமும் அதற்குச் சளைத்ததல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கேயுள்ள மலைத்தொடரில் கருமை பாய்ந்த ஒரு கல் உண்டு. நம்மவர் கருங்கல் என்று சொல்லித் திருப்தியடைந்துவிட்டோம். சாஸ்திரத்தில் அதற்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் சமாதிக்கு வைத்த கல், சென்னைக்கு அருகேயுள்ள பல்லாவரத்துக் கல். அதைக் கண்டு தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் சமாதியில் படுத்திருப்பவருடையது!

ராஜபாளையத்திலிருந்து சிவகாசிக்குப் போகும் பக்கத்தில் ஆலங்குளம். 1970இல் அங்கே அரசாங்கம் சிமெண்டு ஆலை வைத்ததற்குக் காரணம், அங்குள்ள சுண்ணாம்புக்கல். அது ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு, வெந்து ஸ்படிகமாயிற்று. ஆக, இந்தக் கரிசல் சீமையில் கடல் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆழத்திலிருந்தது மேலே வந்த விதம் சுலபம். மேலிருந்த மலையெல்லாம் கரைந்து போயிற்று. கரைவது இன்றும் நிற்கவில்லை. வெயிலும் மழையும் மரத்தின் வேரும் பாறையைப் பிளக்கின்றன. வெளுத்த தாது களிமண்ணாகிக் கண்மாயில் தங்குகிறது. குயவர் அதையெடுத்துச் சட்டி வனைகிறார். ஓடை மணலில் செந்நிறக் கோடு தென்பட்டால், அது பழைய கார்னெட். மிச்சம் வைப்பாற்றோடு மன்னார் வளைகுடாவுக்குப் போய் மறுபடியும் சேறாகிறது. இயற்கை இப்படி நிதானமாகச் செய்கிற வேலையை ஜல்லி இயந்திரம் சில வருஷங்களில் முடித்துவிடுகிறது. வீடு கட்ட ஜல்லி வேண்டும், வாஸ்தவம். ஆனால் உடைத்த குன்றை எந்தக் கொத்தனாரும் திரும்பக் கட்டித் தருவதில்லை.

மாறுதலைப் பார்க்க மலைவரை போகவும் வேண்டியதில்லை. மிக்ஸி வருவதற்கு முன்பு, "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் ஆள் வருவார். அரைத்து அரைத்து வழவழப்பான கல்லைக் கொத்திக் கொடுத்துப் போவார். தேய்ந்த கல் எங்கே போயிற்று என்று நம் பாட்டிமார் கேட்டதில்லை. வேறெங்கே போகும்? துவையலோடு நம் வயிற்றுக்குள்தான்.