வெள்ளைக்கல் மோதிரம்



சென்ற இதழில் சுயதொழில் கடன் பற்றித் தொடர்ந்து எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இம்முறை ஒரு மோதிரத்தைப் பற்றி எழுத வேண்டியுள்ளது. கலியாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் எமது குழுவில் இருக்கும் ஒரு அக்காவின் கதை இது. கணவர் 2009 இல் இறந்தார். மூன்று பிள்ளைகளையும், தாலிக்கொடியையும், சின்ன மகளின் சட்டை மடிப்பில் தைத்து வைத்தபடி செட்டிகுளம் முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். மீள்குடியேறிய பின் அந்தக் கொடி துண்டு துண்டாகப் போனது. கிணறு இறைக்க ஒரு பவுண், தையல் மெசினுக்கு ஒரு பவுண், மூத்தவனின் படிப்புக்கு இரண்டு என்று போய், கடைசியில் இரண்டு பவுண் மிஞ்சியிருந்தது.

சென்ற வருடம் இரண்டாவது மகளுக்குக் கனடாவில் இருந்து சம்பந்தம் வந்தது. சீதனம் வேண்டாம் என்றார்கள். ஆனால் மோதிரம் மாற்றும்போது மாப்பிள்ளைக்கு வைர மோதிரம் போட்டால் "அங்கத்தைய ஆக்களுக்கு முன்னால மரியாதையாக இருக்கும்" என்று மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசியில் சொன்னார். சீதனம் என்ற சொல் இல்லாமலே சீதனம் கேட்கும் வழிகள் எமது சமூகத்தில் பல உண்டு. அதில் இது புதியது.

எங்கள் பாட்டிமார் காலத்தில் மோதிரம் மாற்றும் வழக்கம் இந்த அளவுக்கு இருந்ததில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி முடிவாக்குவார்கள், பிறகு நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்குவார்கள். வைரக்கல் வைத்த மோதிரம்தான் நிச்சயதார்த்தத்துக்கு உரியது என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதில் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 1930களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த விளம்பரம் ரொறன்ரோவுக்குப் போன எங்கள் உறவுகளைப் பிடித்து, அங்கிருந்து தொலைபேசி வழியாக ஒரு விதவைத் தாயின் கடைசி இரண்டு பவுணில் வந்து நின்றது.

அக்கா நகரத்தில் ஒரு கடைக்குப் போனார். இரண்டு பவுண், அதாவது 16 கிராம் பழைய தங்கத்தைக் கொடுத்தார். ஒட்டு, அழுக்கு என்று கழித்து 15.2 கிராம் என எழுதினார்கள். அதற்கு ஈடாக வெள்ளைக்கல் பதித்த மோதிரம் ஒன்றைக் கொடுத்தார்கள். விற்பனைக்கு நின்ற பையன் பென்சிலால் ஒரு துண்டில் கணக்குப் போட்டுக் காட்டினான். பிறகு அச்சடித்த பற்றுச்சீட்டைக் கொடுத்தான். வைரமா என்று கேட்டதற்கு "டயமண்ட்தான் அம்மா" என்று சொன்னதாக அக்கா உறுதியாகச் சொல்கிறார். தை மாதம் மோதிரம் மாற்றினார்கள், மாப்பிள்ளை கனடா திரும்பினார்.

மாப்பிள்ளையின் விரலுக்கு மோதிரம் சற்று இறுக்கம். பெருப்பிப்பதற்காக அங்கே ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் சோதித்துவிட்டு இது வைரமில்லை, சேர்க்கோனியா என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் தாயார் கடைக்காரனை ஏசவில்லை. "எங்களைப் பேய்க்காட்டிப் போட்டியள்" என்று அக்காவைத்தான் ஏசினார்.

அடுத்த நாள் அக்கா என்னிடம் வந்தபோது அழவில்லை. "பிள்ளை, செல்லுக்க ஒளிச்சுக் கொண்டுவந்த சாமானைக் குடுத்து நான் கள்ளியெண்டு பேர் வாங்கிப் போட்டன்" என்றார். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள், ஆறுதல் சொல்லும் முறைகளும் படித்தவள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

பற்றுச்சீட்டைப் பார்த்தேன். "18 கரட் வெள்ளைக்கல் மோதிரம் 1, 4 கிராம்" என்று இருந்தது. வைரம் என்ற சொல்லே இல்லை. இங்கேதான் எங்கள் பெண்கள் பலர் விழுகிறார்கள். கல்லைப் பற்றி வாயால் சொல்வது ஒன்று, எழுதுவது இன்னொன்று. போதாததற்கு, சேர்க்கோனியா கல்லை வியாபாரத்தில் "அமெரிக்கன் டயமண்ட்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. முன் சொல்லை மெல்லமாகச் சொல்லிப் பின் சொல்லை அழுத்திச் சொன்னால் போதும். அந்தக் காலத்தில் மாத்தறைப் பக்கம் கிடைக்கும் நிறமற்ற சேர்க்கோன் கல்லையும் "மாத்தறை வைரம்" என்றுதான் அழைத்தார்கள். பெயரில் வைரம் இருப்பதெல்லாம் வைரம் ஆகாது.

கரட் என்ற சொல்லும் ஒரு பொறி. தங்கத்தில் கரட் என்றால் தூய்மை. 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதே அது. 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு, அதனால்தான் 916 என்று முத்திரை குத்துகிறார்கள். 18 கரட்டுக்கு 750. கல்லில் கரட் என்றால் நிறை. ஒரு கரட் 200 மில்லிகிராம், அதை நூறாகப் பிரித்துச் சென்ட் என்பார்கள். "18 கரட் மோதிரம்" என்றதும் கல்லே 18 கரட் என்று நினைத்துப் பெருமைப்பட்ட ஒரு தாயையும் நான் சந்தித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், எங்களுக்கு யார் இதைச் சொல்லித் தந்தார்கள்?

கணக்கைப் பாருங்கள். அக்கா கொடுத்த 16 கிராம் 22 கரட் நகையில் சுத்தத் தங்கம் ஏறத்தாழ பதினாலரைக் கிராமுக்குச் சற்று மேல். அவர் கைக்கு வந்த 4 கிராம் 18 கரட் மோதிரத்தில் 3 கிராம். மிச்சம் முழுவதும் கல்லுக்கும் கூலிக்கும் போனது. கல் உண்மையான வைரமாக இருந்திருந்தாலும், நாளைக்கு அவசரத்துக்கு அந்த மோதிரத்தை வங்கியில் அடகு வைத்தால் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே காசு தருவார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நகை அலங்காரம் மட்டுமல்ல, அதுதான் எங்கள் வங்கிக் கணக்கு, காப்புறுதி எல்லாம். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது கையில் பொன் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். கல் வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இருக்கவில்லை.

நாங்கள் கடைக்குப் போனோம். முதலாளி மரியாதையாகவே பேசினார், தேநீரும் தந்தார். "நாங்கள் வைரமெண்டு எங்கயும் எழுதேல்லை அம்மா. அங்க கல்லை மாத்திப்போட்டாங்களோ தெரியாது" என்றார். அக்கா தனது கைப்பையில் இருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அந்தப் பென்சில் துண்டு! அதில் "பொ 4, டை 25" என்றும் ஒரு தொகையும் இருந்தன. 25 சென்ட் டயமண்ட் என்பதன் குறிப்பு அது என்றேன். முதலாளி வாசித்துப் பார்த்துவிட்டு, "அது டிசைன் நம்பர்" என்றார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மோதிரம் கனடாவில் இருந்து ஒருவர் கையில் வந்து சேர்ந்தபோது எங்களுக்குப் பதினொரு நாள்தான் மீதி இருந்தது. வெட்கத்தில் இன்னும் இரண்டு கிழமை அக்கா பேசாமல் இருந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். பற்றுச்சீட்டு, பென்சில் துண்டு, கனடாக் கடை எழுதிக் கொடுத்த கடிதம் மூன்றையும் பிரதி எடுத்து இணைத்தோம். எங்கள் வாதத்துக்கு உயிர் கொடுத்தது பென்சில் துண்டு அல்ல, அவர்களது சொந்தப் பற்றுச்சீட்டுத்தான். 15.2 கிராம் தங்கத்தை வாங்கிக்கொண்டு 4 கிராம் மோதிரம் கொடுத்ததாக அதில் இருந்தது. கல் வெறும் வெள்ளைக்கல் என்றால் மற்றத் தங்கம் எதற்கு விலை என்று யாரும் கேட்பார்கள் அல்லவா?

விசாரணைக்கு முதல் நாள் கடையில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு பவுண் தங்கம் திருப்பித் தருகிறோம், முறைப்பாட்டை விட்டுவிடுங்கள் என்றார்கள். நான் வேண்டாம், தொடர்வோம் என்றேன். அக்கா, "பிள்ளை, எனக்கு வழக்குப் பேச நேரமில்லை, கலியாணம் நடக்கவேணும்" என்று வாங்கிக்கொண்டார். முடிவெடுக்கும் உரிமை அவருடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதே கடையில் அடுத்த தாய்க்கு யார் பேசுவது என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொன்னுருக்கும் நாளில் இரண்டு வீட்டாரும் சுற்றி நிற்க, அவர்கள் கண்முன்னேதான் பத்தர் பொன்னை உருக்குவார். அவரை ஊருக்கே தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் பையனை எங்களுக்குத் தெரியாது, அடுத்த முறை போனால் வேறு பையன் நிற்பான். ஆகவே இப்போது எழுத்துத்தான் சாட்சி. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் தங்கத்தின் நிறையும் கரட்டும் தனியாக, கல்லின் பெயரும் நிறையும் விலையும் தனியாக, கூலியும் சேதாரமும் தனியாக எழுதச் சொல்லுங்கள். வைரம் என்றால் "வைரம்" என்றே எழுத வேண்டும். இப்போது ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரங்களும் சந்தையில் உண்டு. அவையும் வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. ஆகவே நிலத்தில் எடுத்ததா, வளர்த்ததா என்பதையும் எழுதிக் கேளுங்கள்.

கடையில் ஒரு பேனா போன்ற கருவியைக் கல்லில் வைத்து "பாருங்கோ, சத்தம் போடுது" என்று காட்டுவார்கள். வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவி மொய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் அதே சத்தம் போடும். பெரிய கல் என்றால் சுயாதீன ஆய்வுகூடச் சான்றிதழ் கேட்பதே சரி. கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிலும் கல்லையும் தங்கத்தையும் சோதிப்பிக்கலாம். மோதிரத்தைப் பெருப்பிக்கவோ மினுக்கவோ கொடுக்கும்போதும், என்ன கல், எத்தனை கல் என்று எழுதிய துண்டு வாங்காமல் கையை விட்டுக் கழற்ற வேண்டாம்.

முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம், மாவட்டச் செயலகத்திலும் விசாரிக்கலாம். தராசு பற்றிச் சந்தேகம் என்றால் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியே போகத் தயங்குபவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் கூட வருவோம். பேச்சை நாங்கள் தொடங்கிவைப்போம்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. மாப்பிள்ளை தானே அழைத்து, "மாமி, எனக்குக் கல்லு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த ஒரு பவுணில் ஒரு வெறும் மோதிரம் செய்து போட்டார்கள், மிச்சத்தை மகளின் தாலிக்குக் கொடுத்தார்கள். சம்பந்தி அம்மா மண்டபத்தில் அக்காவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மோதிரத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம்.