எங்கள் ஊர் மண்ணுக்குள் இருந்த புத்தர்



தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னவுடன் கேட்பவர் முகத்தில் ஒரு புன்னகை அரும்பும். 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை எங்கள் ஊருக்குத் தேடித் தந்த ‘புகழ்’ அது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் என் ஊர்ப்பெயரைக் கேட்டுத் தோழியர் சிரித்தனர். அன்று அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இல்லை. இன்று இருக்கிறது. ஈயச் சுரங்கங்கள் நிறைந்திருந்த இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில், ஈயத்தைத் தேடித் தோண்டியவர்களின் கையில் பழங்காலப் புத்த சமயச் சிலைகள் கிடைத்துள்ளன. ஈப்போவை அடுத்த பெங்காலான், தெற்கே பீடோர், வடக்கே சுங்கை சிப்புட் ஆகிய இடங்களோடு எங்கள் தஞ்சோங் ரம்புத்தானும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பீடோரில் 1936இல் வெளிப்பட்ட எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் சிலையின் அழகைப் படத்தில் பார்த்தாலே மனம் அடங்கிவிடும். இவை எல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கு ஒரு மாணவனே காரணம்.

நான்காம் ஆண்டு வகுப்பில் நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தது, கப்பல் பயணம், தோட்டத்து லயம், பால்மரக் காடு என்று பேச்சு நீண்டது. என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தாம் என்பதையும் சொன்னேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“டீச்சர், நம்மை வெள்ளைக்காரர்கள் வேலைக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறீர்கள். எங்கள் அப்பா, இராசேந்திர சோழன் இந்த நாட்டையே பிடித்தான் என்கிறார். அப்படியென்றால் நாம் ராஜாவா, கூலியா?”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை கேட்ட அந்தக் கேள்விக்கு நம் சமூகம் இன்னும் நேர்மையான விடை சொல்லவில்லை என்பதே என் எண்ணம்.

சில நாள்களுக்குப் பின் நடந்த பெற்றோர் சந்திப்பில் அச்சிறுவனின் தந்தை என்னிடம் பேசினார். பண்பான மனிதர். “டீச்சர், பிள்ளைகளுக்குப் பெருமையைச் சொல்லிக் கொடுங்கள். கூலிக் கதை போதும். கடாரத்தைச் சோழன் ஆண்டான் என்று சொன்னால் நெஞ்சு நிமிரும் அல்லவா?” என்றார். பக்கத்திலிருந்த இன்னொரு பெற்றோரோ, “அந்தப் புத்தர் சிலைகளுக்கும் நமக்கும் என்ன உறவு? நாம் வேறு சமயம் அல்லவா?” என்று கேட்டார். இருவருடைய கேள்வியும் என்னைப் பல இரவுகள் நூல்களோடு உட்கார வைத்தன. நான் வரலாற்றுப் பேராசிரியை அல்லள். ஆயினும் வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் என் கருத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் சோழன் கதைக்கு வருவோம்.

இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து வந்து ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனது மெய்க்கீர்த்தி, தாக்கப்பட்ட ஊர்களைப் பெயர் பெயராகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று நீண்டு, கடாரத்தில் முடிகிறது அப்பட்டியல். இது கல்லில் உள்ள சான்று. ஐயமில்லை.

ஆனால் தாக்கினான் என்பது ஒன்று. ஆண்டான் என்பது வேறு. சோழர் இங்கே தங்கி ஆட்சி நடத்தினர் என்பதற்குச் சான்றில்லை. மன்னனைச் சிறைப்பிடித்தார்கள், செல்வத்தை வாரிக்கொண்டு திரும்பினார்கள். இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரனும் கடாரத்தை வென்று அதன் மன்னனிடமே திருப்பிக் கொடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். நம் பேராக் மாநிலத்துப் புரூவாஸ் பக்கம் இருந்ததாகக் கருதப்படும் கங்கா நகரத்தையும் சோழனே அழித்தான் என்று சொல்வதுண்டு. ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் நூல் அந்நகரத்தை ராஜா சூரன் என்பவன் தாக்கிய கதையைச் சொல்கிறது. அந்தச் சூரனே நம் சோழன் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. கதைக்கும் கல்வெட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தந்தையிடம் நான் கேட்டது இதுதான்: “ஐயா, ஒரு துறைமுகத்துக்குள் படையோடு புகுந்து கொள்ளையிட்டதை நாம் பெருமையாகச் சொன்னால், நாளை வேறொருவர் நம் ஊரில் வந்து அதையே செய்ததைப் பெருமை என்று சொல்லும்போது எந்த வாயால் மறுப்போம்?” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் என் பிள்ளைக்கு எதைத்தான் சொல்வீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெருமையை எடுத்துவிட்டு வெறுங்கையோடு பிள்ளையை அனுப்ப முடியாது.

சொல்வதற்கு ஏராளம் இருக்கிறது. அரசர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் வந்துவிட்டார்கள்.

காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் குவிந்திருந்த பொருள்களைச் சொல்லும் ‘பட்டினப்பாலை’, காழகத்துப் பொருளையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் காழகம் கடாரமே என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கிரேக்க நிலவியல் அறிஞர் தாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்தத் தீபகற்பத்தைப் பொன் தீபகற்பம் என்று குறித்தார். நமக்கு வடக்கே, தென் தாய்லாந்தில், பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லரின் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தொழிலாளி அவர்! படையோடு வரவில்லை, பொன்னை உரசிப் பார்க்கும் கல்லோடு வந்தார். அதே நாட்டின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டில் தமிழர் வெட்டிய குளத்தைப் பற்றித் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அக்குளத்தின் காவலில் மணிக்கிராமத்து வணிகர்க்கும் பங்கிருந்தது. சுமத்திராவின் பாரூஸ் அருகே ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088இல் நட்ட தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

குளம் வெட்டியவர்கள், பொன் உரசியவர்கள், கணக்கு எழுதியவர்கள். இவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

இந்தக் கடல்வழியில் வந்தவர்கள் தமிழர் மட்டுமல்லர். 1834இல் செபராங் பிறையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லில், 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் வேண்டுதல் இருக்கிறது. அவன் வங்கத்துக்காரன் என்று கருதப்படுகிறான், எழுத்து பல்லவர் எழுத்து, மொழி சமற்கிருதம், சமயம் பௌத்தம். சீனத் துறவி இத்சிங் 671இல் புறப்பட்டு, ஸ்ரீவிஜயத்தில் தங்கிச் சமற்கிருதம் பயின்று, கெடா வழியாக இந்தியா சென்றார். அதாவது, நம் வட்டாரம் அந்நாளில் கல்வி தேடி வருவோர் தங்கிப் படிக்கும் இடமாகவும் இருந்தது. இதைச் சொல்லும்போது ஓர் ஆசிரியைக்கு மகிழ்ச்சி வராதா?

இனி இரண்டாவது கேள்வி: புத்தருக்கும் நமக்கும் என்ன உறவு?

இதைக் கேட்டவர் ‘மணிமேகலை’யை மறந்துவிட்டார். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று முழுக்க முழுக்கப் பௌத்த நூல். அதில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொரு சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கேட்டபின்பே காஞ்சியில் அறவண அடிகளிடம் பாடம் கேட்டுத் தன் வழியைத் தேர்கிறாள். ஒரு பெண் கேள்வி கேட்டுத் தத்துவம் பயில்வதை இவ்வளவு விரிவாகச் சொன்ன மொழி நம் மொழி. அவள் கடல் கடந்து சாவக நாட்டுக்கும் வருகிறாள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தின் கதை இன்னும் வியப்பானது. கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் அந்தப் புத்த விகாரத்தைச் சோழ நாட்டில் எழுப்பினான். பெரிய கோயிலைக் கட்டிய சிவபக்தனான இராசராச சோழன், அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். தந்தையின் அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் யார் தெரியுமா? இராசேந்திரனேதான். நெதர்லாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டதால் அதற்கு ‘லெய்டன் செப்பேடு’ என்று பெயர் வந்தது. கொடையைச் செம்பில் எழுதிய அதே கை, சில ஆண்டுகளில் கடாரத்தின் மீது கப்பல்களை அனுப்பியது. பகைக்குக் காரணம் சீன வணிகத்தில் எழுந்த போட்டி என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அந்தப் போருக்குப் பின்னும் விகாரம் நின்றது. 1090இல் முதலாம் குலோத்துங்கன் அதற்குரிய சலுகைகளை மீண்டும் உறுதி செய்தான்.

சமயம் வேறு என்பதால் உறவு இல்லை என்று அந்நாளைய மன்னனே நினைக்கவில்லை. நாம் ஏன் நினைக்க வேண்டும்?

மறுபுறம், இவற்றை மறந்துவிடுவதும் ஆபத்து. கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி என்று அழைக்கப்படும் பழங்கோயில் அடித்தளங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான 11ஆம் எண் சண்டி, 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்தபின் எல்லாரும் கொதித்தோம். ஆனால் இடிபடும் முன் நம்மில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருந்தோம்? நான் பார்த்ததில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நல்ல செய்தியும் உண்டு. 2023இல் கெடாவின் புக்கிட் சோராசில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டியபோது ஆளுயரத்தை ஒட்டிய சுதைப் புத்தர் சிலைகள் வெளிப்பட்டன. மண் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் என் தாழ்மையான வேண்டுகோள் மூன்று.

ஒன்று, சான்றைக் காட்டிச் சொல்லுங்கள். கல்வெட்டு எது, காப்பியம் எது, கைப்பேசியில் வந்த செய்தி எது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளையைப் பழக்குங்கள். புலனத்தில் வரும் ‘ஆயிரம் ஆண்டுச் சோழர் ஆட்சி’யை நம்பிப் பள்ளியில் பேசும் பிள்ளை, ஒருநாள் பிற இனத்து நண்பர்முன் தலைகுனிவான். அந்தத் தலைகுனிவை அவனுக்கு நாமே தேடித் தரலாமா?

இரண்டு, அழைத்துச் சென்று காட்டுங்கள். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலா என்றால் நீர்விளையாட்டுப் பூங்கா மட்டுந்தானா? லெங்கோங் பள்ளத்தாக்குக்கும் போகலாம். ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முந்திய ‘பேராக் மனிதன்’ எலும்புக்கூடு கிடைத்த இடம் அது. 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சோழனும் ஸ்ரீவிஜயனும் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் மனிதர் வாழ்ந்தனர். அதையும் நம் பிள்ளை அறிந்தால்தான், எங்கள் ஊருக்கு மேலே மலையடிவாரத்தில் வாழும் ஒராங் அஸ்லி மக்களை மதிப்போடு பார்ப்பான்.

மூன்று, தோட்டக் கதையை வெட்கத்தோடு சொல்லாதீர்கள். தொழிலாளரை உதவி கொடுத்துக் கப்பலேற்றும் வழக்கத்தை 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை வந்து குவிந்த நம் பாட்டன் பாட்டியர், காட்டை அழித்துத் தோட்டமாக்கினர். சாலையும் இரயில் பாதையும் அமைத்தனர். அந்த வறுமையிலும் தமிழ்ப்பள்ளியை நடத்தினர். பொற்கொல்லன் பெரும்பத்தனின் உழைப்பைப் போற்றும் நாம், பால்வாளி சுமந்த பாட்டியின் உழைப்பை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

மறுவாரம் அந்த மாணவனை அழைத்தேன். “நீ கேட்டாயே, ராஜாவா கூலியா என்று. அந்த ராஜா இங்கே வந்து போனவன். வணிகரும் பொற்கொல்லரும் துறவிகளும் அவனுக்கு முன்பே வந்தார்கள். உன் பாட்டன் பின்னாளில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கினார்” என்றேன். பிறகு பீடோர்ச் சிலையின் படத்தைக் காட்டி, இதைப் போன்றவை நம் ஊரிலும் கிடைத்தன என்று சொன்னேன். அவன் கண்கள் விரிந்தன.

“டீச்சர், நம் பள்ளித் திடலைத் தோண்டினால் கிடைக்குமா?”

இப்போது நானும் சிரித்துவிட்டேன். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை, அவனும் இரண்டு நண்பர்களும் திடலின் ஓரத்தில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்வரை நான் அவர்களைக் கூப்பிடவில்லை.

உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில் இந்த வரலாற்றை எப்படிச் சொல்கிறீர்கள்? எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன்.