துரோகி யார்?

1998 மே 17ஆம் நாள் யாழ்ப்பாண மாநகரின் முதற் பெண் மேயர் திருமதி சரோஜினி யோகேஸ்வரன் தமது இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சனவரி 29இல் நடந்த தேர்தல் முடிந்து நான்கு மாதங்கூட நிறையவில்லை. "சங்கிலியன் படை" என்ற பெயரில் கொலைக்கு உரிமை கோரப்பட்டது. அப்பெயருக்குப் பின்னால் நின்றவர்கள் விடுதலைப் புலிகளே என்பது அன்றே பரவலான கருத்து.

அம்மையார் செய்த குற்றம்தான் யாது? மக்களிடம் வாக்குக் கேட்டார், வென்றார், பதவியை ஏற்றார். அத்தகையோருக்கு அந்நாளில் சூட்டப்பட்ட பெயர் "துரோகி"!

அந்தத் துரோகியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1981ஆம் ஆண்டு நமது பொது நூலகத்தை எரித்த அதே வெறியாட்டத்தில், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் வீடும் தீக்கிரையாயிற்று. அது இவ்வம்மையாரின் வீடு. எரித்தவர்கள் அரசின் பொலிசார். 1989 யூலை 13ஆம் நாள் கொழும்பில் திரு. அமிர்தலிங்கத்தோடு அதே யோகேஸ்வரனும் சுட்டுக் கொல்லப்பட்டார். அது இவ்வம்மையாரின் கணவர், சுட்டவர்கள் தமிழர். வீட்டைச் சிங்களப் பொலிசாருக்கும் கணவனைத் தமிழ்த் துப்பாக்கிக்கும் பறிகொடுத்த ஒருவர், ஊரே வேண்டாம் என்று கடல் கடந்து போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பர்? அவரோ யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்து ஊர்ப்பணியைத் தலைமேற் கொண்டார்!

"இராணுவத்தின் நிழலில் நடந்த தேர்தல்தானே?" என்பர் சிலர். ஆம், இராணுவத்தின் நிழலில்தான் நடந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கான மக்களில் பெருந்தொகையினர் 1996இல் அதே நிழலுக்குத்தானே திரும்பி வந்தனர்? அவர்களுக்குக் குடிநீர் வேண்டாமா? குப்பை அள்ள வேண்டாமா? வாய்க்கால் துப்புரவாக வேண்டாமா?

யாழ்ப்பாணம் வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நாடு. சுண்ணக்கல்லின் அடியில் தங்கும் மழைநீரே நாம் குடிக்கும் நீர். தோட்டத்துக்கு இறைப்பதும் அதுவே. மலக்குழிக் கழிவும் அளவு மீறிய உரமும் கிணற்றில் இறங்குவதை வைத்தியர் அறிவர். நிலத்தடி நீரின் அருமையைக் கமக்காரர் அறிவர். இவற்றைக் கவனிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு உள்ளூராட்சியின் கையில் இருக்கிறது. அக்கையை வெட்டுவதா விடுதலை? நகரசபையில் தமிழர் இருக்கக் கூடாது என்றால் வேறு யார் இருக்க வேண்டும்? இராணுவ அதிகாரியா?

அம்மையாரோடு இக்கொடுமை நின்றதா? அவருக்குப் பின் பதவியேற்ற பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பர் 11இல் குண்டுக்கு இரையானார். 1975 யூலை 27இல் மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். பின்னாளில் மேயராயிருந்த ந. ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் வீழ்த்தப்பட்டார். கட்சியும் வேறு, காலமும் வேறு, கொன்றவர் எனக் கருதப்பட்டோரும் வேறு. ஆனால் நால்வரும் ஒரே மாநகரின் மேயர் நாற்காலியில் அமர்ந்தவர்கள்!

துரையப்பாவின் அரசியலை நம்மிற் பலர் வெறுத்தோம். வெறுத்தோருக்கு வாக்குச் சீட்டு இருந்தது. மக்கள் கொடுத்த பதவியை மக்களே மீட்க வேண்டும். துப்பாக்கிக்கு அந்த உரிமையை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆயினும் 1975இல் நாம் வாய் மூடியிருந்தோம். அந்த மௌனமே 1998இல் ஒரு விதவையின் வாசலுக்கு வழி காட்டியது.

சட்டம் படித்தோரும், வைத்தியம் படித்தோரும், மண்ணைக் கொத்தி வாழ்வோரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்: அன்று நாம் செய்தது என்ன? படலையைச் சாத்திக்கொண்டோம். நூலகம் எரிந்த நாளை ஆண்டுதோறும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக வரும் மே 17 நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பிறர் செய்த கொலையை உரத்த குரலில் எண்ணி, நம்மவர் செய்த கொலையை முணுமுணுக்கவும் அஞ்சும் இனம் உலகத்திடம் நீதி கேட்பது எங்ஙனம்?

ஊருக்கு உழைக்க வந்தவரைக் கொன்றவன் துரோகி. அதைக் கண்டும் காணாதிருந்த நாமும் அப்பழியிற் பங்காளிகளே. இனியேனும் அப்பெயரை வாய்விட்டுச் சொல்வோம். நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.