ஆற்காடு இளவரசரும் பரண் மேல ஒரு பத்திரமும்

போன வாரம் ரெண்டு பதிவு படிச்சேன். ஒண்ணு, "ஜனநாயக நாட்டுல இன்னும் என்னய்யா இளவரசர்? பட்டத்தைப் பிடுங்கு" ரகம். இன்னொண்ணு, "மத நல்லிணக்கத்தின் மாளிகை" ரகம். ரெண்டுக்கும் கீழே செம கும்மி. நானும் பின்னூட்டம் போடத்தான் உட்கார்ந்தேன். நீளமாப் போயிடுச்சு, அதனால தனிப்பதிவு. எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1855ல கர்நாடக நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் வாரிசு இல்லாம இறந்தார். டல்ஹௌசி காலம். இனி நவாப் பட்டமே கிடையாதுன்னு கம்பெனி சொல்லிடுச்சு. அவரோட சித்தப்பா அசீம் ஜா விடாம மனு மேல மனு போட்டு, 1867ல 'ஆற்காடு இளவரசர்'ங்கிற பட்டமும் பரம்பரை பென்ஷனும் வாங்கினார். நாடு இல்லை, படை இல்லை, பட்டம் மட்டும். குடும்பம் 1876ல ராயப்பேட்டை அமீர் மகாலுக்குக் குடி வந்தது, இன்னிக்கும் அங்கதான். 1971ல மன்னர் மானியத்தை ஒழிச்சப்போ இது தப்பிச்சுது. ஏன்னா 1947ல இந்தியாவோட சேர்ந்த சமஸ்தானங்கள்ல ஆற்காடு கிடையாது. மாளிகையைப் பராமரிக்கிறது மத்தியப் பொதுப்பணித்துறை. அதாவது நம்ம காசு.

முதல்ல 'பிடுங்கு' கட்சிக்கு வர்றேன். "நவாப்புக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்டிருந்தீங்க. நான் வண்ணாரப்பேட்டைக்காரன், என்கிட்ட கேளுங்க. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, கூடவே நுங்கம்பாக்கம்... இந்த அஞ்சு கிராமத்தையும் 1708ல கம்பெனிக்குக் கொடுத்தவர் நவாப் தாவூத் கான். எர்ணாவூரும் பெரம்பூரும் 1742ல அதே மாதிரி வேற ஒரு நவாப் கையால போச்சு. இந்த வாலாஜா வம்சம் அதுக்கு அப்புறம் வந்தது. எங்க வீட்டுல இருந்து நடந்தே போற தூரத்துல ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் பாதை திறந்தது அங்கதான். பாதை எது வரைக்கும்? ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரைக்கும். கடைசி நவாப் இறந்து ஒரு வருஷம்கூட ஆகலை, அவர் தாத்தாக்கள் பேர் வச்ச ஊருக்கே ரயில் விட்டாங்க. சம்பந்தம் போதுமா?

அப்புறம், பிடுங்கிட்டா என்ன ஆகும்னு யோசிக்கவே வேணாம், ஏற்கெனவே நடந்திருக்கு. 1768 வாக்குல கட்டின சேப்பாக்கம் அரண்மனையை சர்க்கார் வாங்கி ஆபீஸ் ஆக்குச்சு. எழிலகத்தைக் கட்டி முகப்பை மறைச்சாங்க. 2012 ஜனவரியில கலஸ் மகால்ல தீ பிடிச்சு, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருத்தர் உயிரே போச்சு. அதுக்கு அப்புறம்தான் புதுப்பிக்கவே தோணுச்சு. அமீர் மகாலையும் ஃபைல் அடுக்குற குடோனா ஆக்கணுமா சாமி?

இப்போ 'நல்லிணக்க' கட்சி. நீங்க சொல்றது பொய் இல்லை. 1795ல எழும்பின திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல்ல, ரம்ஜான் மாசம் நோன்பு திறக்குறவங்களுக்கு சூஃபிதார் அமைப்போட இந்துத் தொண்டர்கள் சாப்பாடு பரிமாறுறாங்க. நல்ல விஷயம், கும்பிடுறேன். ஆனா அதே முகம்மது அலி வாலாஜாதான் 1773ல கம்பெனிப் படையை வச்சு தஞ்சாவூரைப் பிடிச்சவர். வெள்ளைக்காரன்கிட்ட அவர் வாங்கின கடன் லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் நாறி, 1785ல எட்மண்ட் பர்க் அதைப் பத்தியே நீளமாப் பேசினார். வட்டி கட்டினது யாரு? விவசாயி. இதையெல்லாம் விட்டுட்டு பூ மட்டும் தூவினா அது வரலாறு இல்லைங்க, விழா மலர்.

சரி, உனக்கு என்னதான் வேணும்கிறீங்களா?

எங்க தெருவுல ஒரு தையல்கார பாய் இருக்கார். போன வருஷம் பரணைச் சுத்தம் பண்ணும்போது, தகரப் பெட்டியில துணி சுத்தி வச்ச ஒரு பழைய பத்திரம் கிடைச்சுது. பாரசீக எழுத்து. "தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் தேடுவியே, இதைப் படிக்கிற ஆள் யாராவது இருந்தா சொல்லேன்"னு என்கிட்ட கொண்டாந்தார். வீட்டுல உருது பேசுற மனுஷன். அவர் பேரனுக்கு உருது எழுத்துகூடத் தெரியாது. நானும் நாலு பேரை விசாரிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. அது நிலப் பத்திரமா, நிக்காஹ் கடுதாசியா, கடன் சீட்டா... இன்னி வரைக்கும் தெரியாது.

இது எங்கேயோ இருந்து வந்த பாஷை இல்லை மக்களே. மெட்ராஸ்ல ஆட்சி நடந்த பாஷை. கௌஸ் கானே பாரசீகக் கவிஞர், கர்நாடகத்துக் கவிஞர்களைப் பத்தி நூல் எழுதினவர். வாலாஜா வரலாற்றைச் சொல்ற 'துஸூக்-இ-வாலாஜாஹி'யை 1930கள்ல இங்கிலீஷ்ல கொண்டு வந்தவர் மெட்ராஸ் யுனிவர்சிட்டி பேராசிரியர் முகம்மது ஹுசைன் நயினார். அப்படி இருந்த ஊர்ல ஒரு கடுதாசி படிக்க ஆள் தேடுறோம்.

ஜாவா தீவு வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வருவோம். யோக்யகர்த்தாவுல 1755ல உருவான சுல்தான் அரண்மனை இன்னும் இருக்கு. அங்க சுல்தான்தான் கவர்னரும், தேர்தலே கிடையாது. 2012ல அதைச் சட்டமாவே போட்டாங்க. அந்தக் கூத்து நமக்கு வேணாம். ஆனா அரண்மனையைப் பாருங்க. சுல்தான் குடும்பம் ஒரு பக்கம் குடியிருக்கு, இன்னொரு பக்கம் டிக்கெட் வாங்கிட்டு யார் வேணாலும் போகலாம். காமெலான் வாசிப்பு, பொம்மலாட்டம், நடனம்னு அங்கேயே நடக்குது. 1918லயே சுல்தானோட பிள்ளைங்க வெளியே ஒரு பள்ளி ஆரம்பிச்சு, அரண்மனைக்குள்ள மட்டும் ஆடின ஆட்டத்தை சாதாரண ஜனத்துக்குக் கத்துக் கொடுத்தாங்க. அந்த ஆட்டம் பிழைச்சது அப்படித்தான்.

நம்ம அமீர் மகால்? அழைப்போ அனுமதியோ இருந்தா போகலாம். வண்ணாரப்பேட்டைத் தையல்காரர் டிக்கெட் வாங்கிட்டு நுழையற இடம் இல்லை.

"அது அவங்க வீடுங்க"ன்னு அனானி ஒருத்தர் வருவார். சரி சார், படுக்கை அறையை யார் கேட்டா? தர்பார் ஹாலை மாசத்துல ஒரு நாள் திறக்கட்டும். வாரம் ஒரு சாயங்காலம் உருதுவும் பாரசீகமும் இலவசமா சொல்லிக் கொடுக்கட்டும், எந்த மதத்துக்காரன் வந்தாலும். ஊர்ல பரண் பரணா கிடக்குற பழைய கடுதாசிகளைப் படிச்சுச் சொல்ல ஒரு மேஜை, ஒரு ஆள். செலவை அரசாங்கம் கொடுக்கட்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் காசு இருக்கு, இதுக்கு இருக்காதா?

பட்டம் இருக்கட்டும்யா, எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. ஆள நாடு இல்லாத அரண்மனைக்கு மிச்சம் இருக்குற ஒரே வேலை, தனக்குத் தெரிஞ்சதை ஊருக்குக் கொடுக்கிறது. அதைச் செஞ்சா இன்னும் நூறு வருஷம் இருக்கட்டும், நானே முதல் ஆளா போய் சலாம் போடுறேன். செய்யலைன்னா, 'பிடுங்கு' கட்சிக்குப் பதில் சொல்ல என்கிட்டயும் ஒண்ணும் இருக்காது.

டிஸ்கி: பாரசீகம் படிக்கத் தெரிஞ்ச பதிவர் யாராவது இருந்தா பின்னூட்டத்துல ஒரு குரல் கொடுங்க. உள்குத்து எதுவும் இல்லை, நெசமாத்தான் கேக்குறேன். பாய் பத்திரத்தைத் திரும்பத் துணியில சுத்திப் பெட்டியில வச்சுட்டார். பார்க்கும்போதெல்லாம் "யாராச்சும் கிடைச்சாங்களா தம்பி?"ங்கிறார்.