விளக்கு எரிந்தால் போதுமா?

1992-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புதுவகைக் காலரா, அடுத்த சில மாதங்களில் கொல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவி ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. அந்தத் துயரத்தால் உந்தப்பட்டு, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய இந்திய இயற்பியலாளர் அசோக் காட்கில், புறஊதாக் கதிர்களால் குடிநீரில் உள்ள கிருமிகளை அழிக்கும் எளிய கருவியை உருவாக்கினார். அது சுமார் 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 லிட்டர் நீரைத் தூய்மையாக்கியது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்தில் 15,000 லிட்டர். நாம் விலை கொடுத்து வாங்கும் 20 லிட்டர் கேன்களில் அளந்தால் 750 கேன்கள்! பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இத்தனை மலிவான பொதுநலச் செலவு அரிதாகவே கண்ணில் படும்.

254 நானோமீட்டர் அலைநீளமுள்ள இக்கதிர்கள் கிருமியின் மரபணுவைச் சிதைக்கின்றன. அதன்பின் அது பெருக இயலாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளிய, குளோரினுக்கு எளிதில் அடங்காத கிரிப்டோஸ்போரிடியமும் இதற்குத் தப்புவதில்லை.

பிறகு தடை எங்கே இருக்கிறது? கலங்கிய நீரில் கதிர் ஊடுருவாது என்பதால் முதலில் வடிகட்டியாக வேண்டும். உப்பையும் ஃபுளோரைடையும் இது நீக்காது. விளக்கைக் கடந்த நீருக்கு மேற்கொண்டு பாதுகாப்பும் இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை நீர் வரும் ஊர்களில், அழுத்தம் குறைந்த குழாய்க்குள் சாக்கடை கசிவது புதிதல்ல. உலகின் மிகப்பெரிய புறஊதா நிலையங்களுள் ஒன்றை நடத்தும் நியூயார்க் நகரமே குளோரினைக் கைவிடவில்லை.

இவற்றைவிடச் சிக்கலானது விளக்கின் ஆயுள். பொதுவாகச் சுமார் 9,000 மணி நேரத்துக்குப் பின், அதாவது இடைவிடாமல் எரிந்தால் ஓராண்டில், அதன் கிருமி கொல்லும் ஆற்றல் குன்றிவிடுகிறது. நீல வெளிச்சம் மட்டும் தொடரும். குடிப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நான் பார்த்த ஓர் ஊராட்சிக் குடிநீர் நிலையத்தில் திறப்பு விழாக் கல்வெட்டு பளபளத்தது. விளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன், இயக்குபவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம், விளக்கு மாற்ற நிதி ஒதுக்குவதில்லை. வசதியுள்ளவர் வீட்டிலேயே கருவி பொருத்தி ஆண்டுப் பராமரிப்புக்கும் பணம் கட்டுகிறார். மற்றவருக்கு அந்த நீல வெளிச்சம்தான் உத்தரவாதம்.

எனவே ஒப்பந்தத் தொகை முழுவதையும் நிறுவிய அன்றே கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரு பகுதியை ஐந்தாண்டுகளுக்குப் பிரித்து, ஈ.கோலை பரிசோதனையில் நீர் தேறும் மாதங்களுக்கு மட்டும் வழங்கலாம். பரிசோதனையை நிறுவனம் அல்லாத வேறொருவர் செய்யட்டும். அதன் முடிவையும் விளக்கு மாற்றிய தேதியையும் கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.